டிரெய்லரின் இடது மூலை

எரிந்தது என்றுதானே சொல்கிறேன். எரியாமல் என்ன? நான் உட்கார்ந்திருந்த வரைக்கும் லைட் செக்கச்செவேல் என்று எரிந்தது. எழுந்தால்தான் அணைந்தது. சிரிக்காதீர்கள். சாரல் அடிக்கிற சாயங்காலத்தில், தார்ப்பாய் மூடிய டிராக்டர் டிரெய்லருக்குள், அரிசி மூட்டைக்கும் அத்தையின் முழங்காலுக்கும் நடுவில், இடது மூலையில் அசையாமல் இருந்து பாருங்கள். அப்புறம் சிரிக்கலாம்.

பந்தயம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்பது உங்களுக்குப் பிடிபடாது.

ஆடி அமாவாசைக்கு நாங்கள் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போவோம். பாபநாசத்துக்கு மேலே, காட்டுக்குள், ஆற்றங்கரையில் குடில் போட்டு நாலைந்து நாள் தங்கிப் பொங்கலிட்டு, கிடா வெட்டிச் சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கம். அப்பாவின் பெயரே சொரிமுத்து என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாலைந்து நாளும் எங்கள் டிரெய்லருக்கு வீட்டு வேஷம். மூங்கிலை வளைத்துக் கட்டி, தார்ப்பாய் போட்டு, உள்ளே வைக்கோல் பரப்பிப் பாய் விரித்து, பானை சட்டி முதல் ஆட்டுக்கிடா வரை ஏற்றிவிடுவோம். இந்த வருஷம் செந்தூர்பாண்டி மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் டிராக்டரை ஓட்டுவது அவர்தான்.

"பாலு வாங்க, வெத்தல வாங்கன்னு ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கோம். ரெண்டு சைக்கிளக் கொண்டுட்டுப் போயிருவோம் அத்தான்" என்றார் அப்பாவிடம்.

உள்ளே இடமில்லை. டிரெய்லரின் பின்னால் கோண இரும்பில் ஒரு ஸ்டாண்டு செய்து சைக்கிள்களை அதில் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. எங்கள் ஊர் முக்கூடலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் இசக்கியப்பன் அண்ணாச்சி செய்துகொடுத்தார். சைக்கிள்களை மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, டிரெய்லரின் சிவப்பு விளக்குகள் இரண்டும் அவற்றுக்குப் பின்னால் மொத்தமாக மறைந்துபோயிருந்தன.

"மலைப்பாதையில பின்னால வாரவனுக்கு நாம இருக்கதே தெரியாது. செக்போஸ்ட்டுலயும் விடமாட்டான்" என்றார் அப்பா.

"ஸ்டாண்டுலயே ஒரு லைட்ட மாட்டுனாப் போச்சு. நான் மாட்டுதேன்" என்றேன்.

நான் என்றால் பேச்சித்தாய். பீடி சுற்றுகிறவள். காலையில் பீடி முறத்தை, எங்கள் பேச்சில் சொளகை, மடியில் வைத்து மூலையில் குத்தவைத்தால், இலை, தூள், நூல், மறுபடி இலை, தூள், நூல். முதுகு வளைந்து, கால் மரத்து, பொழுது சாய்ந்த பிறகுதான் எழுந்திருப்பேன். கைதான் பீடியில் இருக்கும். கண் எப்போதும் வயரில். வீட்டு ரேடியோ, கோயில் கொடை விழாவுக்குக் கட்டும் சீரியல் பல்பு செட், டிராக்டர் ஹாரன் என்று எதையாவது பிரித்துப்போட்டு ஏச்சு வாங்குவேன். பிரித்ததில் பாதியைத் திரும்ப மாட்டியும் இருக்கிறேன்!

எங்கள் தெருவில் இருந்து ஜன்னத்துல் பிர்தௌஸ் என்று ஒருத்தி கோயம்புத்தூருக்குப் போனாள். பம்புசெட் மோட்டார் செய்கிற பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை. தங்க இடமும் அங்கேயே. அவள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

"ஒனக்கும் சொல்லி வச்சிருக்கேன்ட்டி. அமாவாசை முடிஞ்ச திங்கக்கெழம இங்கன வந்து நிக்கணும். பொறவு எடம் இருக்காது பாத்துக்கோ."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றுவதுதான் என் தலையில் எழுதியது என்றால் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போகிறேனே! சுற்றி முடித்தால் ஒரு மோட்டாராவது ஓடும். பீடி என்ன ஓடுமா?

அப்பாவுக்குச் சம்மதமில்லை. எத்தனையோ கேட்டுப் பார்த்தும் வாயைத் திறக்காத மனுஷன், நான் லைட்டை மாட்டுகிறேன் என்று சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"நீ மாட்டுத லைட்டு நம்ம தெருவுல இருந்து கோயில் வாசல் வரைக்கும் அணையாம எரியட்டும். நானே ஒன்னக் கோயமுத்தூரு பஸ்ஸுல ஏத்திவிடுதேன். நடுவுல ஒரு தடவ அணைஞ்சாலும் அந்தப் பேச்ச விட்டுரணும். பொறவு ஸ்குரூடிரைவரயும் தொடக்கூடாது."

"சத்தியமா?"

"சொரிமுத்தையன் சத்தியமா."

வேலை லேசுதான். டிராக்டர் பேட்டரியில் இருந்து ஒரு வயரை இழுத்து லைட்டுக்குக் கொடுத்தால் போதும். கரண்டு திரும்பிப் போக வேறு வயர் வேண்டாம். வண்டியின் இரும்பே அதற்கு வழி. அதைத்தான் எர்த் என்பார்கள். எங்கள் டிரெய்லருக்குத் தரை மரப்பலகை, அடியில் இரும்புச் சட்டம். ஸ்டாண்டைக் கடைசிப் பலகையில் போல்ட் போட்டு முடுக்கி, அதன் இரண்டு கால்களையும் இரும்புச் சட்டத்தின் மேல் ஊன்றவைத்தோம். அதாவது, இரண்டும் ஊன்றியிருக்க வேண்டும். இசக்கியப்பன் அண்ணாச்சி இடது காலை ஒரு நகக்கண் அளவுக்குக் கட்டையாக வெட்டிவிட்டார்.

முற்றத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்தாள்.

"அது என்னட்டி, ஒத்தக் காலு அந்தரத்துல நிக்கி?"

"வலது காலு இரும்பத் தொடுதுல்லாம்மா, அது போதும். கரண்டு அது வழியாத்தான் திரும்பிப் போவுது. ரெண்டு காலும் தொடலைன்னாத்தான் எரியாது."

"கரண்டுக்கும் ஊனிக்க காலு வேணுமாக்கும்" என்றுவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

சுவிட்சைப் போட்டேன். சைக்கிள்களுக்குப் பின்னால் லைட் எரிந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு "ம்" என்றார். எனக்கு அந்த ஒரு "ம்" போதும். அன்று ராத்திரியே தகரப் பெட்டியில் இரண்டு தாவணியை மடித்து வைத்துவிட்டேன்.

புறப்படுகிற அன்று கிடாவையும் பெரிய பானைகளையும் பின்பக்கமாக ஏற்ற வேண்டியிருந்ததால் ஸ்டாண்டைக் கழற்றி, ஏற்றி முடித்து, மறுபடி மாட்டினார்கள். நான் அப்போது முன்னால் நின்று வயரைக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து பெரியத்தையின் சத்தம் கேட்டது. பெரியத்தை அப்பாவின் அக்கா. அவள் சத்தம் கேட்காத இடம் முக்கூடலில் கிடையாது.

"ஏ தனலட்சுமி! சாமிச் செருப்பக் கொண்டு சோத்துப்பானகிட்டயா வைக்க? எவளாவது மிதிச்சிரப் போறா."

"எங்கனயாச்சும் வைக்கேன் மதினி. சத்தம் போடாதிய" என்று அம்மா சொன்னாள்.

கோயிலில் பட்டவராயன் சாமிக்குத் தோல்செருப்பு நேர்ந்துகொள்வார்கள். புதுச் செருப்பாக வாங்கி மரத்தில் கட்டிவிட்டு வருவது. அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அடி தேய்ந்திருக்குமாம், சாமி மாட்டிக்கொண்டு காடு சுற்றுவாராம். இந்தத் தடவை அம்மா ஒரு சோடி வாங்கி மஞ்சத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். எதற்கு நேர்ந்தாய் என்று கேட்டதற்கு, சொன்னால் பலிக்காது என்றுவிட்டாள்.

எல்லாரும் ஏறிய பிறகு கடைசியாக ஏறினேன். மிச்சம் இருந்தது இடது மூலை மட்டும். போய்ச் சொருகிக்கொண்டேன்.

பாப்பாக்குடி தாண்டியதும் சாரல் பிடித்தது. மேற்கே மலை மொத்தமும் மேகத்துக்குள் போய், சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. மாமா லைட்டைப் போட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், தொங்கிக்கொண்டிருந்த சைக்கிள் சக்கரங்களின் கம்பிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் சிவந்தன. பார்க்க என்ன அழகு தெரியுமா! என் லைட்!

"ஏட்டி, அந்தத் தண்ணிச் செம்ப எடு" என்றாள் பெரியத்தை.

எடுக்க எழுந்தேன். கம்பிகள் கறுத்தன.

உட்கார்ந்தேன். சிவந்தன.

வண்டி குலுங்கியதில் எதுவோ ஆகியிருக்கும் என்று மறுபடி பைய எழுந்து பார்த்தேன். கறுப்பு. உட்கார்ந்தால் சிவப்பு. வயர் எங்கேயோ லூசாகி, என் கனத்தில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். இறங்கிப் பார்க்கலாம் என்றால் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தச் சொன்னால் அப்பா ஏன் என்று கேட்பார். அவர் முன்னால் டிராக்டர் மட்காடில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பின்லைட் தெரியாது. நான் எழுந்திருக்காத வரைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

"செம்பு எங்கட்டி?"

"நீங்களே எடுத்துக்கிடுங்க அத்த. காலு மரத்துப்போச்சு."

"இந்த வயசுலயேவா? நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போயி என்ன செய்யப்போற?"

அம்பாசமுத்திரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். அப்பா நேராகப் பின்னால் வந்தார். சைக்கிள்களின் இடுக்கு வழியாக அவர் முகம் சிவப்பாகத் தெரிந்தது.

"எரியுதே! பரவாயில்லயே!" என்றார். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார். "எறங்கி டீ குடிச்சிட்டு வா."

"வேண்டாம்பா."

"வட?"

"வேண்டாம்பா."

வடை வேண்டாம் என்று நான் சொன்னதை அம்மா நம்பவில்லை. நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "ஒன்னுக்காவது போயிட்டு வாட்டி. இனிமே மலதான்" என்று காதில் சொன்னாள். நியாயமான பேச்சு. ஏற்கனவே பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா பின்னால் நின்றே டீ குடிக்கிறார், நான் எங்கே எழுந்திருக்க?

வண்டி கிளம்பியதும் அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூட்டைக்குப் பின்னால் கைவிட்டு எதையோ இழுத்தாள். சொளகு! கோயிலுக்கும் கொண்டு வந்திருக்கிறாள்!

"எந்திரிக்கவும் மாட்டேங்க. சும்மாதான இருக்க. இந்தா, சுத்து."

பாருங்கள். எதில் இருந்து தப்பிப் போகத்தான் அந்த லைட்டை மாட்டினேனோ, அதையே மடியில் வைத்துக்கொண்டு, அதே மாதிரி முதுகை வளைத்து, அதே மாதிரி மூலையில். இலை, தூள், நூல். வீட்டு மூலையில் என்றால் நினைத்தபோது எழுந்தாவது போகலாம். முழங்காலை நீட்டினால் அரிசி மூட்டை. சாய்ந்தால் கிடாவின் கொம்பு. அது வேறு என் பின்னலை மென்று பார்த்தது. தார்ப்பாய் ஒழுகி ஒரு சொட்டு சரியாக என் பிடரியில் விழுந்துகொண்டே வந்தது. நகர முடியாது.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஷிப்ட் விட்ட நேரம். ரோடு நிறைய சைக்கிள். எங்கள் வண்டி ஊர்ந்தது. பெல் அடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டு எல்லாரும் எங்களைக் கடந்து போனார்கள். ஒருவன் பின்னால் தொங்கிய சைக்கிள்களைப் பார்த்து, "ஏலே, சைக்கிளுக்கு டிரெய்லர் கட்டியிருக்காம்லே" என்று கத்த, கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. எல்லாரும் போய்க்கொண்டிருக்கிறார்களே என்றுதான் இருந்தது.

செக்போஸ்ட்டில் வரிசையாக வண்டிகள் நின்றன. எங்கள் முறை வந்ததும் ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் எறங்குங்க. உள்ள பாக்கணும்."

எல்லாரும் இறங்கினார்கள். கிடாகூட இறங்கிவிட்டது. நான் சொளகில் குனிந்துகொண்டேன்.

"தாயி, ஒனக்குத் தாம்பாளம் வச்சு அழைக்கணுமா?"

"காலு சரியில்ல சார்."

"வண்டியில ஏறையில நல்லாத்தான இருந்துச்சு" என்றது பெரியத்தையின் குரல், வெளியில் இருந்து.

இறங்கினேன். வேறென்ன செய்ய? என் பாதம் ரோட்டைத் தொடவும் பின்னால் இருட்டவும் சரியாக இருந்தது.

"ஏ டிராக்டரு! பின்லைட்டு எங்க வே?" என்றார் கார்டு. "இப்பத்தான எரிஞ்சுது? லைட்டு இல்லாம மேல விடமாட்டேன், பாத்துக்கிடும்."

அப்பா வந்தார். மாமா வந்து வயரை ஆட்டினார், தட்டினார், ஊதினார். ஒன்றும் இல்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. நான் ஏறாவிட்டால் வண்டி போகாது. ஏறினால் குட்டு உடைந்துவிடும். அப்பா என்னையே பார்த்தார். நான் ஏறிப் போய் மூலையில் உட்கார்ந்தேன்.

எரிந்தது.

"எறங்கு" என்றார் கார்டு. அணைந்தது. "ஏறு." எரிந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ, இந்தப் பிள்ளதான் ஒங்களுக்குச் சுச்சா? அத எறக்காதீரும் வே. இப்படியே கொண்டு போயிரும்."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பெரியத்தை இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி நின்றாள்.

"சொரிமுத்தையா! பிள்ள ஏறுனா வெளக்கு எரியுது, எறங்குனா அணையுது. இது வீட்ட விட்டுப் போனா வீட்டு வெளக்கு அணைஞ்சிரும்னு சாமில்லா காட்டுதாரு!"

"லூஸ் கனெக்சன் அத்த!"

"சாமிகிட்டயாட்டி லூஸு?"

குலவை போட்டாள். பின்னால் நின்ற டிரெய்லர்களில் இருந்த பொம்பளைகள், என்ன ஏது என்று தெரியாமலே கூடச் சேர்ந்து குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அப்பா என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அணைஞ்சு போச்சுல்லா தாயி. பேச்சு பேச்சுதான்."

மலை ஏறும் வரைக்கும் எனக்கு அழுகைகூட வரவில்லை. மடியில் சொளகு இருந்தது. சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் இருந்து குடிலுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டது. பெரியத்தை ஆற்றுக்குக் குளிக்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறாள். "இதாம் அந்தப் பிள்ளயா?" என்று கேட்டு ஒருத்தி என் நெற்றியில் திருநீறு பூசினாள். "கொஞ்சம் ஏறி இரி தாயி, பாத்துட்டுப் போயிருதோம்" என்றாள் இன்னொருத்தி. மாமா சுவிட்சைப் போடுவார், நான் ஏறுவேன், எரியும், அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கூண்டுக்கிளிகூடச் சீட்டு எடுத்துப் போட்டதும் உள்ளே போய்விடும். எனக்கு அதுவும் இல்லை. ஆள் வர வர ஏற வேண்டும், இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும்.

பத்து மணிக்கு மேல் பால் வாங்கப் போவதற்காக மாமா சைக்கிளை அவிழ்த்தார். வயர் எங்கேதான் லூசாகியிருக்கிறது என்று பார்க்க நான் ஸ்டாண்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட லூஸ் இல்லை. அப்படியே கண்ணைத் திருப்பினேன். ஸ்டாண்டின் வலது காலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ நசுங்கிக் கிடந்தது.

மஞ்சத்துணி. உள்ளே பட்டவராயன் செருப்பு.

உங்களுக்குப் பிடிபட்டுவிட்டதுதானே! வலது காலுக்கும் இரும்புக்கும் நடுவில் தோல், எர்த் இல்லை. இடது கால் ஏற்கனவே நகக்கண் அளவுக்குக் கட்டை, அதுவும் தொடாது. நான் இடது மூலையில் உட்கார்ந்தால் பழைய பலகை அமுங்கி, இடது கால் இறங்கி இரும்பைத் தொடும். எழுந்தால் தூக்கிக்கொள்ளும். என் வயரிங்கில் ஒரு குற்றமும் இல்லை!

"எம்மா! இத ஏம்மா இங்கன வச்ச?"

அம்மா அடுப்பில் இருந்து நிமிர்ந்தாள். "சோத்துப்பானகிட்ட வைக்கக் கூடாதுன்னு மதினி சொன்னாவள்லா. காலு படாத எடமா வேணும். ஸ்டாண்டத் தூக்கி மாட்டையில அந்த இடுக்குத் தெரிஞ்சுது. அங்கன யாரு காலு படும்?"

போல்ட்டைத் தளர்த்திச் செருப்பை உருவினேன், மறுபடி முடுக்கினேன், அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பெரியத்தை தானாகவே வந்தாள்.

"வண்டியில யாரும் இல்ல. பாத்துக்கிட்டியளா? மாமா, சுச்சப் போடுங்க."

எரிந்தது. காலி டிரெய்லர். பட்டப்பகலில் மரநிழலில் அந்தச் சிவப்பு கொஞ்சமாகத்தான் தெரிந்தது. எனக்கு அது போதும்.

அப்பா செருப்பைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரியத்தை முந்திக்கொண்டாள்.

"அப்ப சாமிச் செருப்புலா தடுத்திருக்கு! பட்டவராயனே குறுக்க நின்னுருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும் தம்பி?"

அப்பாவின் தலை மெல்ல ஆடியது. நான் எந்தக் கதவைத் திறந்தாலும் பெரியத்தை அங்கே முதலிலேயே போய் நிற்கிறாள்! எர்த் என்றும் தோல் என்றும் சொல்லி இவர்களிடம் ஜெயிக்க முடியாது. அவர்கள் வழியிலேயே போனேன்.

"சரி அத்த. நீங்க சொல்லுததே இருக்கட்டும். தடுத்தது செருப்பு. செருப்பு யாருக்கு? சாமிக்கு. நாளைக்கு மரத்துல கட்டி அவருகிட்டயே குடுத்துருதோம். பொறவு தடுக்க என்ன இருக்கு?"

பெரியத்தை வாயைத் திறந்தாள். மூடினாள். என் ஆயுசில் முதல் தடவையாக அதைப் பார்த்தேன்.

மாமா, "அதான் கேக்கால்லா, சொல்லுங்க மதினி" என்று சிரித்தபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா குனிந்து ஸ்டாண்டின் இரண்டு கால்களையும் ஆட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"கோயில் வாசல்ல இருந்து நம்ம தெரு வரைக்கும். நீ டிரெய்லர்ல ஏறக்கூடாது. முன்னால என்கூட மட்காடுல இருக்கணும். அணையாம எரிஞ்சா பஸ்ஸு. இதுதான் கடேசி."

இதெல்லாம் முந்தாநாள் நடந்தது. நேற்று அம்மா செருப்பை மரத்தில் கட்டினாள். நான் சும்மா இருப்பேனா? சாயங்காலம் மிச்சம் கிடந்த வயரில் ஒரு துண்டை வெட்டி, லைட்டின் போல்ட்டில் இருந்து நேராக இரும்புச் சட்டத்துக்கு இழுத்து, பெயின்டைச் சுரண்டிவிட்டு முறுக்கி முடுக்கிவிட்டேன். இனி எந்தக் கால் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன. எவர் ஏறினாலும் இறங்கினாலும் அது எரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை.

இதோ, வண்டி கிளம்பப் போகிறது. சாரல் பிடித்துவிட்டது. மாமா லைட்டைப் போட்டுவிட்டார். நான் மட்காடில் ஏறுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பின்னால் போய்ப் பார்த்தேன். சைக்கிள் கம்பிகள் சிவந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால், இடது மூலையில், அரிசி மூட்டை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், மடியில் சொளகோடு அம்மா.

"நீ ஏம்மா இங்கன வந்து இருக்க? ஒனக்கு எடம் முன்னாலல்லா?"

"சத்தம் போடாத" என்று கிசுகிசுத்தாள். "ஒங்கப்பா நீதான ஏறக்கூடாதுன்னாவ. நான் இருக்கக் கூடாதுன்னு சொல்லலைல்லா? செருப்ப எடுத்தாச்சு, சரி. இன்னும் எங்கனயாவது காலு தொடாமப் போச்சுன்னா? ஒன்னவிட நான் கனம். நல்லாப் பிடிச்சுக்கிடும்."

"முக்கூடல் வரைக்குமா?"

"எனக்கு என்ன புதுசா? வீட்லயும் இப்படித்தான இருக்கேன்." ஒரு இலையை எடுத்து மடக்கினாள். "அந்தச் செருப்ப எதுக்கு நேந்தேன்னு கேட்டல்லா? நீ கெளம்பணும்னுதான் நேந்தேன். அதக் கொண்டுபோயி நானே குறுக்க வச்சிருக்கேன் பாரு, கூறுகெட்டவ. போ, மாமா ஹாரன் அடிக்கான்."

அடித்துக்கொண்டேதான் இருக்கிறார். அவள் எழுந்தாலும் அது எரியும். அவளுக்குத் தெரியாது. சொன்னால் காலை நீட்டி நிம்மதியாக வருவாள். ஆனால் அவள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும், என்னைக் கோயம்புத்தூர் வரைக்கும் அவளே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்! ஓடிப்போய், எழுந்திரும்மா, நீ இல்லாமலும் எரியும் என்று சொல்லிவிடட்டுமா? இல்லை, அவள்தான் எரியவைத்தாள் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?